கால்மணியரின் இருட்டறை

தீவுப் பகுதியில் பட்டப்பகலில் மனிதரைப் பிடித்து இருட்டில் இருத்தி வைத்த ஒரே ஆள் கால்மணியர்தான். முதலாளியை இருத்தினார். அதிகாரியை இருத்தினார். என்னை எத்தனை தரம் இருத்தினார் என்று தெரியாது. ஒருவரும் பொலிசுக்குப் போகவில்லை.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

சாட்டிக்கு அங்கால் கடற்கரையோரம் கடலட்டைக் குஞ்சு பொரிக்கிற நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே பம்ப் போடுவதும் தொட்டி, பீப்பாய் கழுவுவதும் என் வேலை. அட்டைக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அது தின்கிற பாசி அதைவிடச் சின்னது. பீப்பாயில் பார்த்தால் பால் விடாத பிளேன்ரீ மாதிரி இருக்கும். அந்தப் பாசியை வளர்த்து, அது நல்லதா கெட்டதா என்று அளந்து சொல்ல வந்தவர் கால்மணியர். எங்கோ ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றார்கள். மெலிந்த ஆள். சாரம் கட்டி, கழுத்துப் பொத்தான் வரை பூட்டின வெள்ளைச் சேட்டுப் போட்டிருப்பார்.

வந்த கையோடு சாமான் அறையைத் துப்புரவாக்கி, யன்னலுக்குக் கறுப்புப் படங்கு அடித்தார். உள்ளே ஒரு மெசினையும், வயர் தொங்குகிற ஒரு மீற்றரையும் வைத்தார். கதவைச் சாத்தினார்.

முதல் நாள் மத்தியானம் சோறு வந்துவிட்டது என்று சொல்லப் போய்க் கதவைத் திறந்தேன்.

"பூட்டும்! பூட்டும்! உள்ளுக்கு வந்து பூட்டும்!"

பூட்டினேன். ஒன்றும் தெரியவில்லை.

"கதிரை கிடக்கு, தடவிப் பாத்து இரும். கால் மணித்தியாலம்."

"அண்ணை, சோறு ஆறுது."

"ஆறட்டும். நீர் கொண்டு வந்த வெளிச்சத்தாலை நான் திரும்பவும் ஒண்டிலை இருந்து துவங்க வேணும்."

அந்தக் கால்மணி நேரத்தில் விளக்கம் சொன்னார். "வெளிச்சம்தான் பாசிக்குச் சாப்பாடு. தின்ன ஏலாத மிச்சத்தைச் சிவப்பு வெளிச்சமாத் துப்பும். அந்தத் துப்பலைத்தான் மெசின் அளக்குது. முதல் மங்கல் வெளிச்சம் ஒண்டு காட்டுவன். பிறகு ஒரு மின்னல். சுகமான பாசி மின்னலுக்குத் துள்ளி எழும்பும். சுகமில்லாதது பேசாமல் கிடக்கும். ஆனா அதுக்கு முதல் பாசி இருட்டிலை இளைப்பாற வேணும். வெயிலுக்கை நிண்டு வந்த ஒருத்தரையும் உடனை சோதிக்கப்படாது."

வயர் தொங்குகிற மீற்றர் மூச்சுப் பார்க்க. பாசியை மூடின போத்தலில் விட்டு, விளக்கைப் போட்டால் ஒட்சிசன் ஏறும். விளக்கை நூர்த்தால் இறங்கும். விளக்குப் போட்டும் ஏறாவிட்டால் பாசி வேலை செய்யவில்லை.

அதன் பிறகு அந்தக் கதவை ஒருவரும் தெரிந்து திறக்கவில்லை. தெரியாமல் திறந்தவர்கள்தான் பாவம். ஒரு நாள் பதினாலாவது நிமிடத்தில் சமையல் அக்கா தேத்தண்ணி கொண்டு போனா. அவவை இருத்தினார். அவவைத் தேடி முதலாளி போனார். அவரையும் இருத்தி, வெளிச்சம் விட்ட ரெலிபோனைப் பறித்துப் பக்கற்றைக் கவிழ்த்து மூடினார். முதலாளியைத் தேடிக் கொண்டு மீன்பிடிப் பகுதி அதிகாரி போனார். முக்கால் மணித்தியாலம் கழித்து எல்லாரும் கண்ணைக் கசக்கிக் கொண்டு வந்தார்கள். அதிகாரி உள்ளே நல்ல நித்திரையாம்.

"என்ன சேர், கோவமோ?" என்று முதலாளி பயந்து கேட்டார்.

"இல்லை. வேலை கிடைச்ச நாளிலை இருந்து இப்பிடி ஒரு அமைதி நான் காணேல்லை," என்றார் அதிகாரி.

நயினாதீவுக் கடலில் நல்ல பாசி இருக்கிறதென்று ஒரு தரம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மனைக் கும்பிட்டு, கடல் தண்ணீர் அள்ளி, போத்தலைக் கறுப்புத் துணியால் சுற்றிக் கொண்டு இறங்குதுறைக்கு வந்தோம். சோதனைக்கு நின்ற நேவிக்காரர் துணியைத் திறக்கச் சொன்னார்.

"ஏலாது. இருட்டிலை கிடக்கு. கால் மணித்தியாலம் பொறும்."

நான் கும்பிட்ட அம்மனைத் திரும்பவும் கூப்பிட்டேன். நேவிக்காரர் இவரைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொறுத்தார். எங்கள் படகு போய்விட்டது. கால்மணியருக்குச் சந்தோசம். "விளங்கின மனிசன்," என்றார்.

இனி மூன்றாம் நம்பர் பீப்பாயின் கதை.

அதற்கு முதல் இரண்டு தரம் குஞ்சு செத்துவிட்டது. இந்தத் தரமும் செத்தால் நிலையத்தைப் பூட்டுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஒன்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டும். அதில் நான் ஒருவன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

பாசிப் பீப்பாயைக் குளோரின் போட்டு உரஞ்சி, மூன்று தரம் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அது என் வேலை. அன்றைக்கு மனைவியின் ஆட்கள் சாட்டிக் கடற்கரைக்கு வந்து எனக்காகக் காத்துக் கொண்டு நின்றார்கள். மூன்றாம் நம்பரை ஒரு தரம் கழுவிவிட்டு ஓடினேன். பின்னேரம் அதற்குள் மற்றதுகளைவிடக் கூடப் பாசி ஊற்றினார்கள்.

அடுத்த நாள் பார்த்தால் எல்லாவற்றிலும் மூன்றாம் நம்பர்தான் நல்ல நிறம். முதலாளி வந்து நின்றார்.

"அண்ணை, குஞ்சுக்கு இதைக் குடுங்கோ. என்ன கடுமையா வளந்திருக்கு!"

"அது வளந்ததில்லைத் தம்பி, நேற்றுக் கூட ஊத்தினது. அது வேலை செய்யேல்லை. மின்னலுக்கு அசையேல்லை."

"நிறத்தைப் பாருங்கோவன்!"

"நீர் தேத்தண்ணியையும் நிறத்தைப் பாத்தோ குடிக்கிறனீர்?"

மூச்சு மீற்றரையும் போட்டுக் காட்டினார். விளக்கு எரிந்தது. ஒட்சிசன் ஏறவில்லை.

"மீற்றர் பழுது," என்றார் முதலாளி. அவருக்குப் பயம். பயந்த ஆளுக்குக் கோவம் கெதியாக வரும். "குஞ்சு பசியிலை கிடக்கு. ரெண்டு மணிக்கு இதைக் குடுக்கிறீங்கள். இல்லாட்டி பையைக் கட்டுங்கோ."

நான் பக்கத்தில் பக்கற்றோடு நின்றேன். எனக்கு விளங்கிவிட்டது. நான் கழுவாமல் விட்ட குளோரின்தான்.

கால்மணியர் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"கடைசியா ஒருக்கா அளப்பம். ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ."

போனோம். இருந்தோம். லைற்றை நூர்த்தார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மற்ற அறையில் என் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. முதலாளியின் மூச்சு முதலில் வேகமாகக் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டது. வெளிச்சத்தில் என்றால் நான் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நான் ஒருக்காத்தான் கழுவினனான்," என்றேன்.

முதலாளியின் கதிரை கிரீச்சிட்டது. "என்ன? என்னடா சொன்ன..."

"தம்பி, இரும்! இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு. பாசி இளைப்பாறுது. ஒருத்தரும் கதைக்கப்படாது."

முதலாளி இருந்தார். ஆறு நிமிடம் நீளம். கொதித்த தண்ணீர்கூட ஆறிவிடும்.

லைற் வந்தது. முதலாளி என்னைப் பார்க்காமல் எழும்பிப் போனார். வாசலில் நின்று கடலைப் பார்த்தார்.

"மூண்டாம் நம்பரை வெளியிலை ஊத்து. ஒண்டாம் நம்பரைக் குடு," என்றார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினார். "மூண்டு தரம் கழுவு. நாலு தரம் கழுவு!"

கால்மணியர் மெசினின் மூடியைத் திறந்து துணியால் துடைத்தார். பாசி வைக்கிற கண்ணாடிக் குழாய் உள்ளே இல்லை. அது மேசையில் கழுவிக் கவிழ்த்தபடி, ஈரம் காய்ந்து கிடந்தது.

"அண்ணை, பாசி வைக்கேல்லையோ?"

"அதைக் காலமையே அளந்திட்டன். நீர் போய்ப் பீப்பாயைக் கழுவும்."

அந்தத் தரம் குஞ்சு தப்பியது. நிலையம் இன்றைக்கும் நடக்கிறது. நான் நாலு தரம் கழுவுகிறேன்.

கால்மணியரை மகள் போன வருசம் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டா. இடைக்கிடை ரெலிபோன் எடுப்பார். சுகம் கேட்க மாட்டார். "எத்தினை தரம்?" என்பார். "நாலு" என்பேன். வைத்துவிடுவார்.

அங்கே மாரிக் குளிர் காலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுமாம். அவருக்குப் பிடிக்கும். கூட இருக்கத்தான் ஆள் வேண்டும்.