தொண்ணூறு நாள் கையிருப்பு

நாளைக்கே உலகம் முழுக்கக் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டாலும் தன் வீடு மட்டும் தொண்ணூறு நாள் தனியாக நிற்கும். இப்படிக் கையிருப்பு முடிவெடுத்துவிட்டார். அவர் முடிவெடுத்தால் எடுத்ததுதான், மனைவி மாற்றும் வரைக்கும்.

கையிருப்பு என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அந்த ஸ்டோரில் ஒரு நட்டு குறைந்ததில்லை, ஒரு போல்ட்டு கூடியதில்லை. எலி கடித்த சணலை எலியின் பெயரிலேயே பதிவு செய்தார் என்று சொல்வார்கள். எலியிடம் கையெழுத்து வாங்கினாரா என்பதை நான் விசாரிக்கவில்லை. வாங்கியிருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டில் போன மழைக்கு மூன்று நாள் மின்சாரம் இல்லை. குழாய் இருமியது, தண்ணீர் தரவில்லை. தீப்பெட்டியில் ஒரே ஒரு குச்சி, அதற்கும் தலை இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ ரிப்பேர்காரர் பாதி எரிந்த மெழுகுவர்த்தியோடு வந்தார். சும்மா கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"சார் ஸ்டோர் கீப்பராத்தானே இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

மழை விட்ட மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. அரிசி பதினோரு தகரம். பருப்பு ஆறு. உப்பு, ஒரு குடும்பம் கடலாகவே மாறிவிடும் அளவுக்கு. தீப்பெட்டி அறுபது, மெழுகுவர்த்தி நூறு, மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, பால் பவுடர் டப்பா வரிசையாக. தண்ணீருக்கு நாலு டிரம். நூறு மீட்டர் கயிறு, எதைக் கட்ட என்று யாருக்கும் தெரியாது. ஆபத்தில் ஊத ஒரு விசில். மொட்டைமாடியில் பழைய வாளிகளில் கீரை, கூடவே ஒரு கோழி. கோழிக்கு 'உற்பத்திப் பிரிவு' என்று பெயர். வந்த நாளிலிருந்து அது முட்டை போடவில்லை. கீரையை மட்டும் தின்றது.

ஒவ்வொன்றும் கெட்டி அட்டை போட்ட பதிவேட்டில் ஏறியது. ஸ்டோர் பூட்டின் மாற்றுச் சாவி, கார்பன் காகிதம், எல்லாம் வரிசை எண் போட்டு.

இத்தனையையும் வைக்க இடம் வேண்டுமே. பின்னறைதான் வசதி. அந்த அறைக்குத்தான் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு அடியில்தான் மனைவி காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின். அவர் அதை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டார்.

"ஏங்க, அங்க ஊசிக் கண்ணே தெரியலை" என்றாள் மனைவி. "பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கு. முப்பது பிள்ளைங்களோட யூனிஃபார்ம் பாக்கி."

"பேரிடர் வந்தா பள்ளிக்கூடமே திறக்காது."

"வரலைன்னா? முப்பது பிள்ளைங்களும் துண்டைக் கட்டிக்கிட்டுப் போகட்டுமா?"

"ஸ்டோருக்குக் காத்தோட்டம் ரொம்ப முக்கியம்."

"அரிசிக்குக் காத்தோட்டம். எனக்கு ஒட்டடையா?"

"இது குடும்பத்தோட பாதுகாப்பு விஷயம். இதுல நான் விட்டுக்குடுக்கறதா இல்லை."

மனைவி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் ஒருவரோடு வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

"சரி, ஒத்திகை பாத்துடலாம். ஏழு நாள். மெயினை அணைச்சிடுங்க, குழாயை மூடிடுங்க. வெளியில இருந்து ஒரு துரும்பு உள்ள வரக்கூடாது. தாக்குப்பிடிச்சா ரூம் ஸ்டோருக்கே. நடுவுல ஏதாவது உள்ள வந்துச்சுன்னா மெஷின் பழைய இடத்துக்கு."

"எழுதிக் குடுப்பியா?"

"நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"'ஸ்டோரில் சரக்கு இருக்கும் வரை அறை ஸ்டோருக்கே'ன்னு ஒரு வரி சேத்துக்குங்க. நாளைக்கு நானே மனசு மாறி ரூமைக் கேட்டா, சரக்கைக் காட்டி வாயை அடைக்கலாம்ல."

கையிருப்பு பூரித்துப்போய் அந்த வரியையும் சேர்த்தார். "இன்னைக்குத்தான் நீ ஸ்டோர்ஸ்காரன் சம்சாரம் மாதிரி பேசற."

சாட்சிக் கையெழுத்து ரிப்பேர்காரர். வாசலைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு.

"காக்கா ஒரு குச்சியக் கொண்டாந்து போட்டுட்டா?" என்றார் ரிப்பேர்காரர்.

"எடுத்து வெளிய போடணும்."

"காக்காவையா?"

"குச்சிய. விளையாட்டு இல்லைய்யா இது."

முதல் நாள் காலையில் பின்னறைக் கதவில் மூன்று விதிகள் ஒட்டப்பட்டன. தொழிற்சாலையில் இருந்தவையேதான், ஒரு புள்ளி மாறவில்லை. ஒன்று, சீட்டு இல்லாமல் சரக்கு இல்லை. இரண்டு, கேட்பவரே தன் சீட்டுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடக் கூடாது. மூன்று, ஸ்டோர் வாசல் தாண்டிய சரக்கு வாங்கிய பிரிவுக்கே சொந்தம், ஸ்டோருக்கு அதில் பேச்சில்லை.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மனைவி அரிசிக்குச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தாள். எழுந்தார், திறந்தார், அளந்தார், பதிந்தார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார், உட்கார்ந்தார். அடுத்து உப்புக்கு ஒரு சீட்டு. எழுந்தார், திறந்தார். தீப்பெட்டிக்கு ஒன்று. தீப்பெட்டியில் ஒரு குச்சி உடைந்ததற்குப் பதிலாக இன்னொரு குச்சிக்குத் தனிச் சீட்டு. மத்தியானத்துக்குள் பதினேழு சீட்டு. அவருடைய முட்டி, எண்ணெய் போடாத கேட்டு மாதிரி கத்தியது.

"பாவமா இருக்கு" என்றாள் மனைவி. "ஃபேக்டரில தினமும் நூறு பேர் வருவாங்களே, எப்படிச் சமாளிச்சீங்க?"

"அங்க எவன் சில்லறையா வருவான்? மொத்தச் சீட்டு போட்டு ஒரே தடவையா எடுத்துட்டுப் போயிடுவான்."

"அப்படி வேற ஒன்னு இருக்கா? எனக்கெல்லாம் அது வராதுங்க."

"வராம என்ன? பேப்பர எடு."

கோடு போட்டுக் காட்டினார். வரிசை எண் இங்கே, பொருள் இங்கே, அளவு இங்கே, தேவை எதற்கு என்பது கடைசிப் பத்தியில். கார்பன் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தார். அவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலையில் மொத்தச் சீட்டு வந்தது. ஆறு பக்கம்.

கையிருப்பு கண்ணாடியை மாட்டினார். முத்து முத்தான கையெழுத்து. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பதிவேட்டை விரித்துப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்தார். பதிவேட்டில் அரிசி எவ்வளவு மீதியோ சீட்டிலும் அவ்வளவு. பருப்பு, அவ்வளவு. தீப்பெட்டி ஐம்பத்தெட்டு, உதிரிக் குச்சி முப்பத்தொன்பது. அங்கேயும் அதுவே, இங்கேயும் அதுவே. கயிறு சரி. விசில் சரி. மாற்றுச் சாவி ஒன்று, சரி. கார்பன் காகிதக் கட்டு ஒன்று, சரி.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பத்தோரு வருஷத்தில் எந்த இருப்புச் சரிபார்ப்பிலும் ஒரு வாஷராவது இடிக்கும். இதிலோ நூற்றுப் பதினெட்டு வரியும் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டன. சிலருக்கு நல்ல சங்கீதம் கேட்டால் கண் கலங்கும். இவருக்குக் கழித்த பிறகு கீழே வரிசையாகப் பூஜ்யம் வந்தால் கலங்கும். கலங்கிய கண்ணோடு ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். முத்திரையும் குத்தினார்.

"ஒரு குண்டூசி வித்தியாசம் இல்லை" என்றார்.

"உங்க டிரெய்னிங்" என்றாள் மனைவி.

சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஸ்டோரின் கடமை. ஆகவே தகரங்களைச் சமையலறைக்குத் தூக்கியது அவரேதான். டிரம்மை உருட்டியதும் அவரே. கடைசியாக மாற்றுச் சாவியை ஒரு தட்டில் வைத்து நீட்டி, அவள் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார். பிறகு காலி அறையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். பழக்கம்.

ஒரு மணிக்குப் பசித்தது.

"சாப்பாடு போடு."

"சீட்டு?" என்றாள் மனைவி.

"என்ன சீட்டு?"

"வாசல் தாண்டின சரக்கு வாங்கின பிரிவுக்குச் சொந்தம். கதவுல ஒட்டியிருக்கே, உங்க எழுத்துதான். இப்ப இதெல்லாம் சமையல் பிரிவோட சரக்கு."

கையிருப்பு விதியை மீறுகிற ஆள் இல்லை. எழுதினார். ஒப்புதல் என்ற இடத்துக்கு வந்ததும் தன் பேனாவை அழுத்தப் போனார்.

"ரெண்டாவது விதி" என்றாள்.

பேனா அந்தரத்தில் நின்றது. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். கேட்பவர் கையெழுத்துப் போடக் கூடாதென்றால் மீதி யார் என்று உங்களுக்கே தெரியும்.

அவள் சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். "தேவை எதற்குன்ற இடத்துல 'பசி'ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. எவ்வளவு பசி?"

"ரெண்டு கரண்டி."

"சரி. ஆனா வேலை இல்லாத பிரிவுக்குத் தினமும் சாப்பாடு குடுக்க முடியாது. ஸ்டோர்ல இப்ப வேலை இல்லையே. உற்பத்தியில ஆள் பத்தலை, மாடிக்கு மாத்திடறேன்."

ஜெயிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் மனசில் நின்றது. பாதி மெழுகுவர்த்தி முகத்துக்கு எதிரே வந்து வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினார். மூன்றாம் நாளிலிருந்து காலை முதல் பொழுது சாயும்வரை கீரையைக் கோழியிடமிருந்து காப்பாற்றினார். கோழியும் அவரை மேலதிகாரியாக மதிக்கவில்லை. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பாவம், மாடிப்படிக்குக் கீழே இருட்டில் கஷ்டப்படுகிறாள், ஜெயித்ததும் ஒரு நல்ல விளக்கு வாங்கித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். காலை டீக்கு ஒரு சீட்டு எழுதினார், மாலை டீக்கு ஒரு சீட்டு. நாலாம் நாள் இரண்டாவது டீக்கு எழுதிய சீட்டு, 'காரணம் போதாது' என்று திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் காரணத்தை ஒரு பக்கம் எழுதினார். பாதி டம்ளர் கிடைத்தது.

ஆறாம் நாள் ரிப்பேர்காரர் வாசலிலிருந்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். அவர் கையில் சூடாக ஒரு டம்ளர்.

"சார், இளைச்சுப் போயிட்டீங்க. யாருக்கும் தெரியாது, கயிறு ஒன்னு விடுங்க, கட்டி அனுப்பறேன்."

வாசனை மாடிவரை வந்தது. கையிருப்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க. துரும்பு கூட உள்ள வரக்கூடாது."

ஏழாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒத்திகை முடிந்தது. ஒரு துரும்பு உள்ளே வரவில்லை. கையிருப்பு சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து ரிப்பேர்காரரின் கையைப் பிடித்தார்.

"பாத்தீங்கல்ல? ஏழு நாள். தொண்ணூறும் இப்படித்தான் போகும். வாங்க, ஸ்டோரை வந்து பாருங்க. இனிமே அது ஸ்டோர்தான், எழுத்துலயே இருக்கு."

இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனால் பூட்டைக் காணோம். கதவைத் தள்ளினார்.

ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. அதன் அடியில் தையல் மெஷின். மெஷினுக்குப் பின்னால் மனைவி. சுவருக்குச் சுவர் நூறு மீட்டர் கயிறு, அதில் வரிசையாக இருபத்தொன்பது யூனிஃபார்ம். முப்பதாவதுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஆபத்துக்கால விசில், கத்தரிக்கோல் தொலைந்துபோகாமல் இருக்க அதன் கைப்பிடியில் தொங்கியது.

"பந்தயத்துல ஜெயிச்சது நான்" என்றார் கையிருப்பு.

"ஆமாங்க. யார் இல்லைன்னு சொன்னா?"

"ரூம் ஸ்டோருக்குன்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு. சரக்கு இருக்கற வரைக்கும்னு எழுதியிருக்கு. பதிவேட்டைப் பாருங்க, ரெண்டாம் நாளே எல்லாம் பூஜ்யம், உங்க கையெழுத்து இருக்கு. மாற்றுச் சாவி, வரி நூத்திப் பன்னண்டு."

கையிருப்பு பதிவேட்டைப் புரட்டினார். பூஜ்யங்கள் வரிசையாக அவரைப் பார்த்துச் சிரித்தன. ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் கொடுமை. தப்பு இருந்தால் சண்டை போடலாம். சரியாக இருக்கும் பதிவேட்டோடு அவர் எப்படிச் சண்டை போடுவார்?

"சாட்சிக்கு நான் இதுல என்ன சொல்லணும் சார்?" என்றார் ரிப்பேர்காரர்.

"நீங்க ஒன்னும் சொல்ல வேண்டாம். முதல்ல உக்காருங்க" என்றாள் மனைவி. "ஏழு நாள் வாசல்ல நின்னீங்க. டீ போட்டுத் தரேன்."

"எனக்கும் ஒன்னு" என்றார் கையிருப்பு.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விருந்தாளிக்குச் சீட்டு வேண்டாம். உங்களுதுக்கு மட்டும் ரெண்டு காப்பி எழுதிடுங்க."

கையிருப்பு ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். இரண்டு காப்பிக்குக் கார்பன் காகிதம் வேண்டும். கார்பன் காகிதம் சமையலறைச் சரக்கு. அதை எடுக்க ஒரு சீட்டு வேண்டும், அதற்கும் இரண்டு காப்பி.