பயனர் பெயருக்குப் பங்கம் வராமல்

பிறர் பெயரைக் காப்பதில், புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை எழுதுகிறவர்களை மிஞ்ச இந்தப் பூவுலகில் ஆளில்லை. சி என்ற கணினி மொழியில் தாங்களாக ஒரு புதுச் சொல்லைச் சேர்த்தால், அதன் தலையில் அண்டர்ஸ்கோர் என்னும் அடிக்கோடு இரண்டை வைத்துவிடுவார்கள். பயனர் தம் புரோகிராமில் வைத்திருக்கும் எந்தப் பெயரோடும் அது மோதிவிடக் கூடாதாம். என்ன பெரிய மனசு!

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் அப்படியொரு கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் யமுனா, ஒரே மத்தியானத்தில் புதுச் சொல் ஒன்றைச் செய்து முடித்தாள். அதைச் சேர்த்த கட்டளையை, சிப் மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு உடனே செய்யும். கேட்டவர், பாலக்கரையில் மோட்டார் சக்கர நாற்காலி செய்பவர். அவருடைய நாற்காலி, நிறுத்தும் பொத்தானை அமுக்கிய பிறகும் மூன்றடி ஓடித்தான் நின்றது. அது சரியானால்தான் ஸ்ரீரங்கத்துப் பூக்கடை இருசம்மாள் பெருமாளைச் சேவிக்கப் போக முடியும்.

எல்லாம் தயார். சொல்லுக்குப் பெயர்தான் இல்லை. 'பெயர்சூட்டு உயர்மட்டக் குழு' கூடியது.

"பின்னாடியும் ரெண்டு அண்டர்ஸ்கோர் போடணும் சார். முன்னாடி மட்டும்னா மொட்டையா இருக்கு" என்றார் பிரவீன்ராஜ்.

"நடுவுல கம்பெனி பேரு?" என்றார் மேலாளர் ஜெயக்குமார்.

"அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு."

"மொத்தம் ஆறு. வாஸ்துப்படி ஆறு சரியா வருமா?"

அதை ஆராய ஒரு துணைக்குழு. பதினோரு நாள் ஓடியது. பதினோரு நாளும் பாலக்கரைக்காரர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்கள் அவர் காலைத் தாண்டிப் போனார்கள்.

பதினோராம் நாள் யமுனா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

"ஏதாவது ஒரு பேர்ல குடுங்கம்மா. இருசம்மாக்கா தினமும் போன் பண்ணுது. வண்டி நின்னா போதும்."

"குடுக்குறேங்க. உங்க பேரு என்ன?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

யமுனா, இரண்டு அண்டர்ஸ்கோரும் 'நில்லு'வும் போட்டு, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் போன் வந்தது: நாற்காலி, பொத்தானை அமுக்கிய இடத்திலேயே நின்றது. அக்கா பெருமாளைச் சேவித்தாயிற்று.

மறுநாள் குழு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது: 'பயனர் பெயரே எங்கள் உயிர்மூச்சு.' கைதட்டல் ஓய்ந்ததும் ஜெயக்குமார் காலியான வாசல் நாற்காலியைப் பார்த்தார்.

"அங்க ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, யாரும்மா அது?"

"நம்ம பயனர் சார். ஹனீஃபா."

"ஓ, அவருக்குப் பேரு ஹனீஃபாவா?"

"ஆமா சார். பதினோரு நாளா அந்தப் பேரோட நாம யாருமே மோதல."