ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் தங்கள் தகப்பனார்

மணவாள நகர், திருவள்ளூர்.
ஆனந்த வருஷம், ஆனி மாதம் 27, வியாழக்கிழமை.

மீஞ்சூர் மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி கன்னியப்பன் அவர்கள் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற ரயில்வே கேட் கீப்பர் இராமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே மின்சாரத்தைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டு அம்மாளும், மாப்பிள்ளை தணிகாசலமும், என் மகள் குணசுந்தரியும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். தங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தங்கள் கடிதம் மொத்தம் நான்கு வரி. நான்கு வரியில் ஒரு குடும்பத்தின் சுகத்தைச் சொல்ல இடம் இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நான்கு வரியின் சாரம் இது. கல்யாணத்தன்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். மணைப் பலகையின் அடியில் இருக்கும் தங்கள் தகப்பனார் பெயரை இழைப்புளி போட்டுச் சீவி எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஆனால்தான் ஆடிக்குப் பெண்ணை அனுப்புவீர்கள். வருகிற புதன்கிழமை ஆடி பிறக்கிறது. புதுப்பெண்ணை ஆடியில் புருஷன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்பது தங்களுக்கும் தெரியும், இதற்கு மேல் ஒரு பெண்ணைப் பெற்றவன் எழுதக் கூடாது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் என்னிடம் இல்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்து கேட்டில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். கேட் மூடிய பிறகு ஜீப்பில் வந்த பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி வந்து கெஞ்சியும் திறக்கவில்லை. வண்டி போன பிறகுதான் திறந்தேன். அவர் அதைப் பாராட்டி எழுதுவதாகச் சொன்னார். எழுதவில்லை. போகட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், தங்களுக்கே நியாயம் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மெட்ராஸில் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் மின்சாரத்தில் சூடேறும் பேனா ஒன்றால் மரப்பலகையில் மான், மயில், கேட்பவர் பெயர் எல்லாம் சுட்டு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். மூன்றாவது மணி நேரம் நகரச் சொன்னார். அதுவே எனக்குப் பாடம், வேறு குரு கிடையாது. ஊருக்கு வந்து, ரேடியோ ரிப்பேர்க் கடை மோசஸிடம் ஈயம் பற்றவைக்கும் பழைய இரும்பு ஒன்றை வாங்கி, அதன் தாமிர மூக்கை அரத்தால் ராவிப் பேனா முனை போல ஆக்கினேன். அதற்குச் சூட்டுக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயிண்ட் என்பது மரத்தின் மேல் உட்காரும், நாலு மழையில் உரிந்துவிடும். சூடு அப்படியில்லை, உள்ளே இறங்கும். இதை நானே கண்டுபிடித்தேன். ஸ்டூல், கதவு, கரண்டிக் காம்பு, சப்பாத்திக் கட்டை எல்லாவற்றிலும் பெயர் எழுதினேன். கட்டையில் எழுதியதிலிருந்து எங்கள் வீட்டுச் சப்பாத்தியில் ‘குப்பம்மாள்’ என்று லேசாக விழுகிறது. என் சம்சாரம் இதை ஒரு குறையாகச் சொல்கிறாள். தன் பெயரைத் தானே சாப்பிட முடியாதாம்.

குணசுந்தரிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மணமக்கள் உட்காரும் மணையை என் கையால் செய்வது என்று முடிவு செய்தேன். நல்ல பலாப்பலகை இரண்டு. பெண்ணுக்கு உண்டானதில் கிளி ஜோடி. மாப்பிள்ளைக்கு உண்டானதில், தங்கள் குடும்பத்துக்குக் குலதெய்வமும் எங்கள் ஊரின் தெய்வமுமான வீரராகவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் காட்சி. காலண்டர் படத்தைக் கார்பன் தாள் வைத்து எடுத்து, பலகையின் முன் விளிம்பு ஓரமாக இறக்கினேன். இதைத்தான் தாங்கள் சத்திரத்தில் எல்லோர் முன்னாலும் ‘சாமியை ஆசனமாகப் போட்டுட்டான்’ என்று சொன்னீர்கள். அது தவறு. மாப்பிள்ளை உட்காரப் பின்னால் இடம் விட்டுத்தான் வரைந்தேன். தாங்கள் அனுப்பிய போட்டோவை வைத்து அளவு எடுத்தேன். போட்டோ மார்பளவோடு நின்றுவிட்டது. தலை இவ்வளவு, தோள் இவ்வளவு என்றால் கீழே இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு தடவை எழுந்து நின்று திரும்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

வேலை நடந்த ஒன்பது நாளும் கரண்ட் வந்தது பாதி நேரம்தான். பெருமாளின் முகத்துக்கு வரும்போது போய்விட்டது. அடுப்புக் கரியில் கோலைக் காய்ச்சிக்கொண்டு முகத்தை முடித்தேன். ஆதிசேஷனுக்கு வந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் திரும்பியது, கோல் பழுத்துவிட்டது, நடுத் தலையில் கண் மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. புகை அதிகம் வந்ததால் பக்கத்து வீட்டு விக்டோரியா டீச்சர் ஊடு பத்திக்கிச்சு என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பலகையின் மேல் ஊற்றிவிட்டார். பெருமாள் பாற்கடலில் இருப்பதால் பாதகமில்லை. இவ்வளவுக்கும் நடுவில்தான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. ஒரு மனிதனைத் தாங்கி நிற்பவர்கள் அவனுடைய முன்னோர்கள். ஆகவே பலகையைத் திருப்பி, அடிப்பக்கத்தில், தங்கள் தகப்பனார் காலஞ்சென்ற ஏகாம்பரம், அவருடைய தகப்பனார் காலஞ்சென்ற வேதகிரி என்று இரண்டு பெயரையும் இரண்டு அங்குல எழுத்தில் சுட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. மரியாதையைச் சொல்லிக்கொண்டு செய்வதில்லை.

பிறகு நடந்ததற்குத் தாங்களே சாட்சி. முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருக்கையில் மாப்பிள்ளை வந்து பலகையைப் பார்த்தார். உட்காரவில்லை. ஒரு கால் முன்னே வைப்பார், எடுத்துவிடுவார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “மாமா, சாமி காலு மேல எப்புடி குந்துறது?” என்று மெதுவாகத்தான் கேட்டார். நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். தள்ளி உட்கார்ந்தால் பாதி மாப்பிள்ளை தரையில் இருக்கிறார். மேலே ஒரு துண்டு விரிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். துண்டுக்குக் கீழே பெருமாள் இல்லாமல் போய்விடுவாரா என்று தங்கள் மைத்துனர் கேட்டார். அது சரியான கேள்வி. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “முகூர்த்தம் போயிண்டே இருக்கு, எதையாவது போடுங்கோ” என்றார். அப்போதுதான் தாங்கள், “இன்னாத்துக்குப் பேஜாரு, பலகையத் திருப்பிப் போடு” என்றீர்கள். திருப்ப வேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்வதற்குள் திருப்பிவிட்டீர்கள். திருப்பியது தாங்கள். இது கடிதத்தில் இருக்கட்டும்.

தங்கள் தகப்பனார் பெயரை முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது தங்கள் மைத்துனர். சத்திரத்தில் நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. தாங்கள் சொன்னது இன்றுவரை என் காதில் இருக்கிறது. “இன்னா சம்பந்தி, அந்தப் பக்கம் போனா சாமி, இந்தப் பக்கம் வந்தா எங்கப்பன். என் புள்ள எங்கதான்யா குந்துவான்?” நான் பதில் சொல்லத்தான் வந்தேன், குப்பம்மாள் என் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டாள். பிறகு சமையற்கட்டிலிருந்து சோடாப் பெட்டியைக் கொண்டுவந்து, பாட்டில்களை எடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்தீர்கள். பெண் கிளி ஜோடிமேல் தாழ உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மாடியிலிருந்து குனிவது போலக் குனிய வேண்டியிருந்தது. சரி என்று பெண்ணுக்கும் ஒரு சோடாப் பெட்டி. பெண் உட்காரும் பலகையில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் ஓரமாய்ப் போய்விட்டது. கல்யாண போட்டோவில் இருவருக்கும் கீழே ‘ஜாக்கிரதையாகக் கையாளவும்’ என்று தலைகீழாகத் தெரிகிறது. போட்டோக்காரர் அதைக் கவனித்துச் சொல்லியிருக்கலாம்.

இவ்வளவில் என் தவறு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் போட்டோவை முழுசாக எடுக்காத ஸ்டுடியோக்காரரிடம் இருக்கலாம். இழைப்புளி விஷயத்துக்கு வருகிறேன். முதலாவது, அது முடியாத காரியம். சூடு மேலே உட்காருவதில்லை, உள்ளே இறங்குகிறது என்று முன்பே எழுதியிருக்கிறேன். பலகை முழுவதையும் சுருளாகச் சீவினாலும் கடைசிச் சுருளிலும் ஏகாம்பரம் இருப்பார். இரண்டாவது, பெற்ற தகப்பன் பெயரை இழைப்புளி போட்டுச் சீவு என்று கேட்கிற மகனை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பாவத்தைச் செய்து தங்களை மகிழ்விக்க எனக்கு மனம் வரவில்லை. பலகையைக் கூடத்தில், பெருமாள் வெளியே தெரியும்படி ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். குப்பம்மாள் தினமும் விளக்கு வைக்கிறாள். தங்கள் தகப்பனாரும் தாத்தாவும் சுவரைப் பார்த்தபடி பத்திரமாக இருக்கிறார்கள். அவர்களுடைய பெயருக்கு என் உயிர் உள்ளவரை ஒரு கீறல் வராது. இதைச் சத்தியமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் எனக்கு இரண்டு மாதமாகச் சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. குணசுந்தரி படுத்த பாய் சுருட்டியபடி மூலையில் நிற்கிறது. குப்பம்மாள் அதை எடுக்கவும் விடுவதில்லை, விரிக்கவும் விடுவதில்லை. தங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோதுதான் வாயைத் திறந்தாள். “முப்பத்திரண்டு வருசம் கேட்ட மூடுறதுக்கு மட்டுமா உனுக்கு சம்பளம் குடுத்தாங்க? தொறக்கறதுக்கும் சேத்துதாய்யா குடுத்தாங்க” என்றாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். வண்டி போன பிறகு திறக்கலாம் என்பது விதி. வண்டி போய்விட்டதா என்பதுதான் கேள்வி, அது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தாங்கள் பெரியமனது பண்ணி, மன்னிப்பு, இழைப்புளி இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, ஆடிக்கு முன்னால் என் மகளை அனுப்பிவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வண்டிக்கு நானே மீஞ்சூர் வருகிறேன். வாசலில் நிற்கிறேன், உள்ளே கூப்பிட வேண்டியதில்லை. அவள் பையை மட்டும் வெளியே வைத்தால் போதும். தங்கள் வீட்டு அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் பதினாறு பேறும் கிடைக்கட்டும், உட்கார இடமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்கு மட்டும் கட்டுப்படாத, மற்றபடி பணிவுள்ள சம்பந்தி,
இராமலிங்கம்.

பின்குறிப்பு: உறையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் மாப்பிள்ளையும் குணசுந்தரியும் வந்து நிற்கிறார்கள். கையில் ஒரு தூக்கு நிறையப் பழவேற்காட்டு இறால், தங்கள் வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பியதாம். மாப்பிள்ளை டியூட்டிக்கும், பெண் பழவேற்காட்டில் உறவுக்காரர் வீட்டுக்கும் போயிருப்பதாகத் தங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. இதைத் தங்களுக்கு எழுத வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே இதைப் படித்ததாகத் தாங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம். பாய் விரித்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் வரவில்லை.

மாப்பிள்ளை வந்ததும், “அன்னிக்கு கலாட்டாவுல தாத்தா பேரச் சரியாப் பாக்கல மாமா” என்று பலகையை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கம் ஒன்றும் இல்லை. கன்னம் போல வழவழவென்று இருக்கிறது. ஏகாம்பரமும் இல்லை, வேதகிரியும் இல்லை. குப்பம்மாள் இறால் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், “நீ திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் போன அன்னிக்கே ஆசாரிய கூப்டு சீவியாச்சு. அரை மணிகூட ஆவல. சம்பந்தி ஊட்டு அம்மாவுக்கு அன்னிக்கே சொல்லி அனுப்சிட்டேன்” என்றாள். அதாகப்பட்டது, சூடு கால் அங்குலத்துக்கு மேல் இறங்குவதில்லை என்று தெரிகிறது. மேலே எழுதிய சத்தியத்தையும், கடைசிச் சுருளைப் பற்றிய வரியையும் அடித்துப் படித்துக்கொள்ளவும். தபால்தலை ஒட்டிவிட்டதால் மற்றது அப்படியே வருகிறது.

மாப்பிள்ளை கொஞ்சம் இளைத்திருக்கிறார். பலகையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவாகப் பார்த்தேன், இப்போது உட்கார்ந்தால் பெருமாளுக்கு இரண்டு விரல் தள்ளியே இருப்பார். அவர் தம் தொழிற்சாலை லேத்தில் என் சூட்டுக்கோலுக்குப் புதுத் தாமிர முனை ஒன்று கடைந்து, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நூல் மாதிரி எழுதுகிறது. பலகையின் அடிப்பக்கம் இப்போது முழுவதும் காலியாக இருக்கிறது. தங்கள் பெயரை இனிஷியலோடு, தெளிவான எழுத்தில், மறு தபாலில் எழுதி அனுப்பவும்.