ஒரு சொட்டும் கசியாத மருந்து

ஒரு மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரவேண்டிய மருந்து, காலைச் சாயாவுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் மொத்தமாக வெளியே வந்துவிட்டது. எலியா திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். கசிவைக் காட்டும் கோடு செங்குத்தாகத்தான் நின்றது.

பாறசாலையில் ஒரு மருந்துக் கம்பெனி அவனுக்குச் சம்பளம் கொடுப்பது உருண்டை உருட்டுவதற்கு. தலைமுடிக் கனம்கூட வராத உருண்டை. அதன் உள்ளே மூட்டுவலி மருந்து. ஊசியில் ஏற்றினால் உடம்புக்குள் கிடந்து மெல்லக் கரைந்து, மருந்தை மாதம் முழுக்கச் சிறுகச் சிறுக விடவேண்டும். எலியாவின் உருண்டைகளோ, அவன் மாமனார் ரெத்தினதாஸிடம் சொன்ன ரகசியம்போல, அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டன.

"மும்பைக்காரங்க வாற மாசம் வாறாங்க," என்றார் முதலாளி ராபின்சன். "அதுக்குள்ள ஒழுங்கா ஒரு பேட்ச் வேணும். இல்லெங்கி நீ அம்பூரில மாமனாருக்க ஷெட்டுல ரப்பர் ஷீட்டு அடிக்கப் போலாம், கேட்டியா?"

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் கேட்க, "மருமோனுக்க உருண்டை உருளுகா?" என்று விசாரிப்பவர் ரெத்தினதாஸ். அந்த மனுஷனிடம் கைகட்டி நிற்பதைவிடச் சாவதே மேல் என்று எலியா மனதாரவே நம்பினான்.

மேலுறையைக் கனமாக்கினான். உருண்டைகள் ஜவ்வரிசி அளவுக்குப் பருத்து ஊசியை அடைத்துக்கொண்டன. கலக்கும் வேகத்தைக் கூட்டினான். எல்லாம் தூளாகி, சாயா வருவதற்கு முன்பே மருந்து வெளியே வந்துவிட்டது.

"எலே, இருந்த மருந்துக் குப்பியும் தீந்தாச்சு! புதுசா வந்தது ஒண்ணுதான் உண்டு," என்று ராபின்சன் கத்தினார். "முதல்ல மருந்து போடாம வெறும் லாக்டோஸ் சக்கரைப் பொடிய வெச்சு உருட்டிப் பழகுலே!"

அன்றுமுதல் ஸ்டோரிலிருந்து பிரசீதா லாக்டோஸை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எலியா உருட்டிப் பழகினான். கை ஒருவழியாகப் படிந்து, இனி நிஜ மருந்தையே போடலாம் என்று அவன் நினைத்தபோது நவராத்திரி வந்துவிட்டது.

"சாரே, இன்னைக்கி பூஜவெப்பு," என்று பிரசீதா வந்து நின்றாள். "ஒவ்வொரு செக்‌ஷன்ல இருந்தும் ஒரு சாதனம் வெக்கணும். வெச்சா பின்னே விஜயதசமி வரைக்கும் தொடப்பிடாது. உங்க வகைல என்ன வெக்க?"

எலியா தலை நிமிரவில்லை. "இருக்கதுல விலை கூடினத எடுத்து வை. எனக்கு ஏகப்பட்ட வேலை கெடக்கு."

மறுநாள் கம்பெனியில் ஈ காக்கை இல்லை. விளக்கேற்ற வந்த பிரசீதாவை எலியா ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பிடித்தான்.

"ரெண்டு கிராம் நிறுத்துக் குடு, பிரசீதா."

"இன்னைக்கா சாரே?"

"இன்னைக்கேதான். சாமி கோவிச்சா எனக்க பேரச் சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். எலியா ஜெபம் செய்துவிட்டு ஆரம்பித்தான். அவ்வளவு அழகான உருண்டைகள் அவன் கையில் அதுவரை உருண்டதில்லை.

வழக்கமாகக் கொஞ்சத்தைக் கரைத்து, உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்ப்பான். ராபின்சன் விடவில்லை. "பிச்சுப் பாக்கதுக்கு இது என்ன திங்கிற அவலோசுண்டையா? மும்பைக்காரங்களுக்குக் காட்ட இவ்வளவுதான் உண்டு. கசிவுச் சோதனைக்கு ஒரு நுள்ளு எடு, போதும்."

ஒரு சிட்டிகையை உடம்புச் சூட்டுத் தண்ணீரில் போட்டான். முதல் நாள், கசிவு பூஜ்யம். எலியா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். மூன்றாம் நாளும் பூஜ்யம். எலியாவுக்கு வியர்த்தது. சூட்டைக் கூட்டினான், பூஜ்யம். பகல் முழுக்கப் போட்டுக் குலுக்கினான், அப்போதும் பூஜ்யம்.

"சார், கொஞ்சமாவது வெளிய வரணும்," என்று முதலாளியிடம் போய் நின்றான்.

"வராததாக்கும்லே நல்லது! ஒரு வாரமா ஒரு சொட்டு கசியல்லண்ணா, இது மாச ஊசி இல்ல மக்கா, ஆறு மாச ஊசி!"

அடுத்த வாரமும் கோடு அசையவில்லை. ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. 'ஒரே ஊசி, ஒரு வருட நிம்மதி' என்று தமிழிலும் மலையாளத்திலும் வாசலில் பேனர் ஏறியது. இது சரியில்லை என்று சொல்ல எலியா இரண்டு தரம் வாயைத் திறந்தான். இரண்டு தரமும் ரப்பர் ஷீட்டின் வாடை மூக்கில் ஏறியது, மூடிக்கொண்டான்.

மும்பையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, தன் சர்வீஸில் இவ்வளவு நேரான கோட்டைப் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"இனி இவனாக்கும் நம்ம ஆராய்ச்சித் தலைவர்!" என்று ராபின்சன் எலியாவைக் கட்டிக்கொண்டார்.

எலியா ஆனந்தம் தாங்காமல் மாமனாருக்குப் போன் போட்டான். பத்தே நிமிடத்தில் அம்பூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. பதினோராவது நிமிடம் ரெத்தினதாஸே திரும்பக் கூப்பிட்டார்.

"மருமோனே, நீ இனி இஞ்ச வரப்போறதில்லல்லா! ஷெட்ட நான் அடுத்த வீட்டு ஜெயனுக்குக் குடுத்துட்டேன், கேட்டியா?"

எலியா வாழ்க்கையில் முதல்முறையாக மாமனாரை நினைத்துச் சிரித்தான். விருந்தாளிகளுக்கு நேந்திரங்காய் சிப்ஸும் சாயாவும் வந்தன. பின்னாலேயே, கையில் சந்தனப்பொட்டு வைத்த குப்பி ஒன்றோடு பிரசீதா வந்து எலியாவின் பக்கத்தில் நின்றாள்.

"சாரே, பூஜைக்கி வெச்ச மருந்துக் குப்பி இப்பளும் சீல் உடைக்காமத்தான் இருக்கு, தொடப்பிடாதுல்லா, அதனால அண்ணைக்கும் லாக்டோஸாக்கும் நிறுத்துத் தந்தது, பழகி முடிஞ்சாச்சுண்ணா இனி இத எடுக்கலாமா?"