கண்ணாடிக்காரரின் காட்டு லாரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக்காரர் அந்த முடிவை எடுத்தார். இனி உலகத்தைப் பார்த்தே தீருவது.

இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "இந்த வரி தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று அடுத்தவர் கண்ணுக்கு உலகத்தைக் காட்டியே அவர் காலம் போய்விட்டது. அவர் கண்ணுக்குக் கிடைத்தது கடைக்கு எதிர்ச் சுவர் ஒன்றுதான்.

வாயில் நுரையோடு ஓடிப்போய் மனைவியிடம் அறிவித்தார். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினான்கு வருஷமாக ஒரே மஞ்சள் வேன், ஒரே பதினோரு ஸ்டாப்.

"ஒரு சின்ன லாரி வாங்கப்போறேன். நீயும் நானும் பத்து நாள் ஊர் சுத்தறோம். மலை, மணல், காடு, எதையும் விடறதில்ல!"

"முதல்ல வாயைக் கொப்பளிங்க" என்றாள் அவள். ரொம்ப நேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நெசமாவே நீங்கதான் ஓட்டுவீங்களா?"

"பின்னே?"

"இல்ல, ஒரு தடவையாவது ஸ்டீயரிங்கைத் தொடாம, பக்கத்து சீட்டுல சாஞ்சு உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டே போகணும்னு ஆசை. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன், பாரு!" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸையும் பெருமைக்காகக் கையோடு எடுத்து வைத்துக்கொண்டார்.

பழைய லாரி ஒன்று வந்தது. முன்னால் இரண்டே சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. லாரியோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெக்கானிக்கும் வந்தார்.

"வண்டி நல்ல வண்டிதான் சார். ஆனா..." என்றார் மெக்கானிக்.

அந்த 'ஆனா'வில்தான் கண்ணாடிக்காரர் குப்புற விழுந்தார். ஆனாவில் ஆரம்பித்த பாடம் அஃகன்னா வரைக்கும் நிற்கவில்லை. முதலில் தடித்த டயர். தடித்த டயர் உரசாமலிருக்க வண்டியையே ஒரு முழம் உயர்த்தினார்கள். உயர்த்திய வண்டியில் ஏற ஒரு படி. ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சுத் திணறுமாம். அதற்குக் கூரை வரைக்கும் ஒரு மூச்சுக்குழாய். மணலில் மாட்டினால் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு பலகை. பலகையை யாராவது திருடிவிட்டால்? அதற்கு ஒரு பூட்டு.

முழுப்பரீட்சை லீவு வந்தது. "கிளம்பலாமா?" என்றாள் மனைவி.

"வின்ச் இன்னும் வரலியேம்மா!"

"அது என்ன?"

"வண்டி மாட்டிக்கிட்டா கம்பி விட்டுத் தானே தன்னை இழுத்துக்கற மிஷின். அது இல்லாம கிளம்பினா தற்கொலைக்குச் சமம்."

லீவு முடிந்துவிட்டது. அவள் மறுபடி வேன் சாவியை எடுத்தாள். "போதும்ங்க. இனிமே ஒரு ஆணி கூட வாங்கக் கூடாது" என்றாள். "ஆணியா? வாங்கவே மாட்டேன்" என்றார் அவர். சொன்னபடி ஆணி வாங்கவில்லை. வின்ச் வாங்கினார்.

அது வந்த அன்று நாலு பேர் மூச்சுவாங்கப் பெட்டியை வாசலில் இறக்கினார்கள்.

"என்னங்க அது?"

"அதுவா... கடைக்கு ஃப்ரேம் வந்திருக்கு."

"நாலு பேரு தூக்கற ஃப்ரேமா?"

"இரும்பு ஃப்ரேம்."

"யாருக்கு, யானைக்கா?"

"யானைக்கும் வயசானா வெள்ளெழுத்து வராதா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகும் ஐந்து பெட்டி வந்தது. ஐந்தும் ஃப்ரேம்தான்.

கடைசியில் ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார். ஊருக்கு வெளியே ஆற்று மணல். மனைவி விடியும்போதே குளித்து, புதுச் சேலை கட்டி, சாப்பாட்டுப் பையும் கையுமாக வாசலுக்கு வந்தாள். லாரியின் இடது கதவைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

சீட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், அதற்கொரு பேட்டரி, காற்றடிக்கும் கம்ப்ரசர்.

"நான் எங்க உக்காரணும்?"

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஃப்ரிட்ஜுக்கு இடம் தேடி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு, அந்த மூன்று நாளும் இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. காது மடல் சுட்டது. வாய் மட்டும் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"இன்னிக்கு ஒத்திகைதானே... நீ வேன்ல பின்னாடியே வாயேன்."

அவள் சாப்பாட்டுப் பையை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேனைக் கிளப்பினாள்.

ஆற்றங்கரையில் அவள் வேனைக் கெட்டித் தரையிலேயே நிறுத்திக்கொண்டாள். கண்ணாடிக்காரர் ஹாரன் அடித்துவிட்டு மணலுக்குள் பாய்ந்தார். முப்பதடி போயிருப்பார். வண்டி முனகியது. ஆக்சிலேட்டரை மிதித்தார். பின் சக்கரங்கள் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்தன. இன்னும் மிதித்தார். இன்னும் வசதியாக உட்கார்ந்தன.

பரவாயில்லை, இதற்குத்தானே வின்ச்! இறங்கிக் கம்பியை இழுத்தார். கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். மாட்டுவதற்கு ஒரு மரம் வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல்தான்.

"உன் வேன்ல மாட்டட்டுமா?" என்று கத்தினார்.

"அது ஸ்கூல் வண்டி. பம்பர் கையோட வந்துரும்!"

சரி, பலகை இருக்கிறதே. பலகையில் பூட்டு இருந்தது. பூட்டின் சாவி வீட்டு அலமாரியில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காலை நடைக்கு வந்த பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் கரையில் நின்றார்கள். எல்லாருமே அவருடைய வாடிக்கைக்காரர்கள். அவர் அளந்து போட்டுக்கொடுத்த கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் துல்லியமாகப் பார்த்தார்கள்.

"டிராக்டர் சொல்லிவிடவா தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

கண்ணாடிக்காரர் பளபளக்கும் புது மண்வெட்டியைத் தரையில் ஊன்றிப் பேந்தப் பேந்த விழித்தார். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று நினைத்தார். பூமியோ லாரியை விழுங்கிக்கொண்டிருந்தது.

மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஆக்சிலேட்டரை இனி மிதிக்காதீங்க. டயர்ல பாதிக் காத்தை இறக்குங்க."

"காத்தையா? பஞ்சர் ஆயிடும்மா!"

"டயர் கொஞ்சம் பரந்து படியட்டும். இறக்குங்க."

இறக்கினார். அவள் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மணலை ஒதுக்கித் தள்ளினாள். வேனிலிருந்து ரப்பர் பாய்களை உருவி வந்து சக்கரத்தடியில் திணித்தாள். பிறகு லாரியில் ஏறி, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே மெல்ல மெல்லப் பின்னால் கொண்டுவந்து கரையில் நிறுத்தினாள். பெரியவர்கள் கை தட்டினார்கள். கம்ப்ரசரை எடுத்து டயருக்குத் திரும்பக் காற்றடித்ததும் அவள்தான்.

"எங்க கத்துக்கிட்டே இதை?" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"ஒவ்வொரு மழைக்கும் ஸ்கூல் மைதானத்துல வேன் மாட்டும். உள்ள நாப்பது பிள்ளைங்க கத்தும். கத்துக்காம?"

வீட்டுக்கு வந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவருக்கு இறங்கவில்லை. தட்டிலேயே கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டியெல்லாம்... ஃப்ரேம் இல்ல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் பெட்டியிலேர்ந்து. கடைக்கு வர்ற ஃப்ரேம் கடைக்குத்தானே போகும்? வீட்டு வாசல்ல எதுக்கு இறங்குது?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவள் கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பார். கத்தவில்லை. இத்தனை பெட்டி வாசல் தாண்டி வந்தபோதும் இவள் இப்படித்தான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்ததும் அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"தப்புதான். உன் லீவையும் கெடுத்தேன், பொய்யும் சொன்னேன். நாளைக்கே ஃப்ரிட்ஜைக் கழட்டிச் சீட்டை மாட்டறேன். வேற என்ன செய்யணும் சொல்லு, எதுன்னாலும் செய்யறேன்."

"எதுன்னாலுமா?"

"எதுன்னாலும்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "ஸ்கூலுக்கு லீவு லெட்டர். வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடணுமாம்." தலையை நிமிர்த்தாமலே போட்டார்.

"அப்புறம், காலையில எங்கூட வேன் ஓட்டிப் பழகுங்க. மணல்ல ஆக்சிலேட்டரை என்ன மிதி மிதிச்சீங்க! பெரிய வண்டி ஓட்டினா நிதானம் வரும்."

பயணத்துக்குப் பயிற்சி கொடுக்கிறாள், மன்னித்துவிட்டாள் என்று அவருக்குக் கண் கலங்கியது. இரண்டு வாரம் விடியலில் எழுந்து வேன் ஓட்டினார். பதினோரு ஸ்டாப்பும் மனப்பாடம். எந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம், எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் எல்லாம் அத்துப்படி. பாவம் கரைகிறது என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்புகிற திங்கட்கிழமை வந்தது. கண்ணாடிக்காரர் தொப்பியும் கூலிங்கிளாஸும் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். இடது பக்கம், திரும்ப மாட்டிய சீட்டில், மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அவளுடைய அக்கா. இருபது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டிய அக்கா.

"வழியனுப்ப வந்தீங்களாக்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வழியனுப்ப இல்லீங்க, வண்டி ஓட்ட."

"அப்ப நான் எங்க உக்காரணும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது. மனைவி வேன் சாவியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஏழு மணிக்கு முதல் ஸ்டாப். பத்து நாளைக்கு வேற டிரைவர் கிடைக்கலீங்க. நீங்கதான் நல்லாப் பழகிட்டீங்களே."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். லாரி தெருமுனையில் திரும்பும்போது மனைவி ஜன்னலில் கையை மடித்து வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. இதை நாமே செய்திருக்கலாமே என்றுதான் இருந்தது. சரி, பத்து நாள்தானே.

எட்டரைக்குப் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்தினார். தலைமையாசிரியை அம்மா கைகூப்பிக்கொண்டே எதிரே வந்தார்.

"உங்க மனசு யாருக்கு வரும் சார்! மனைவிக்காக இப்படி ஒரு காரியம்!"

"அதனால என்ன மேடம், பத்து நாள்தானே?"

"பத்து நாளா? வருஷக் கடைசி வரைக்கும் நானே ஓட்டறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார், லெட்டரைப் படிக்கலையா?"