மைக்செட் காவல் காத்த நார்வே நேர்காணல்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குக் காது மந்தம் என்றால் அதற்கு வயது காரணமில்லை, மைக்செட்தான் காரணம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுபவர். கையில் மைக் இல்லாத நேரத்திலும் இருப்பதாகவே எண்ணிப் பேசுவார். வாசலில் வந்து நின்று இரண்டு முறை ‘உஃப், உஃப்’ என்று ஊதிவிட்டு, “டீச்சர், தண்ணி வந்துச்சா?” என்பார். அடுத்த தெருவிலிருந்து பதில் வரும்.

ஒருநாள் “யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்” என்று ஒரு கல்யாணப் பேச்சை என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். மாலைக்குள் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. நான் வாயே திறக்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஓர் ஆடி மாதம். என் மகள் கயல் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். முட்டுக்காட்டுக் கழிமுகச் சேற்றில் வாழும் புழுக்களைப் பற்றிய ஆராய்ச்சி. பட்டத்துக்குப் பிறகான ஆராய்ச்சிப் பணி கேட்டுப் பல நாடுகளுக்கு எழுதினாள். நார்வேயிலிருந்து ஒரே ஒரு பேராசிரியர் மட்டும், தொலைபேசியில் நேர்காணல் வைத்துக்கொள்ளலாம் என்று பதில் போட்டிருந்தார். இதுவும் போனால் புழுவை நம்பிப் படித்தவளுக்கு வேறு கதி இல்லை. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். தேர்வு என்றால் எழுதுகிற பிள்ளையைவிட எனக்குத்தான் பயம்.

அந்த மாதம் எதிர்க் கோவில் விழாவுக்காக மைக்செட் தன் ஆம்ப்ளிஃபயரை மழைக்குப் பயந்து எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்திருந்தார். ஆகவே எங்கள் வீட்டு விஷயம் அவர் விஷயமும் ஆயிற்று.

“நார்வே எங்க கீது டீச்சர்?”

“வட துருவத்துக்குப் பக்கத்துல.”

“பாப்பா பேசுறது சமையல்ரூமுக்கே கேக்கல. அம்மாந்தூரம் எப்டி கேக்கும்?”

“ஃபோன்லதான் பேசப்போறேன் அங்கிள்” என்றாள் கயல். அது அவருக்குக் கேட்கவில்லை என்பதே அவர் கட்சிக்குச் சாட்சியாகிவிட்டது. மறுநாள் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் வந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு மைக் கழுத்தை வளைத்து நின்றது. தினமும் சாயங்காலம் தெரு வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளை நிறுத்திவிட்டு, ஹாலில் ஒரு சின்னப் பெட்டியில் மட்டும் ஒலி வரும்படி வைத்து ஒத்திகை. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: மைக் ஸ்விட்சைப் போடாமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

“ஹலோ, நார்வே பேசறேன். இந்தப் புழுவால யாருக்கு இன்னா லாபம்?”

கயல் ஆங்கிலத்தில் விளக்குவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

“ஒண்ணும் புரில பாப்பா. ஆனா குரல்ல பேஸ் கம்மியா கீது.”

நானும் கேள்வி கேட்பேன். “உன் ஆய்வு தோத்துப்போனா என்ன பண்ணுவே?” அந்த இடத்தில் மட்டும் கயல் ஒவ்வொரு முறையும் திணறி நின்றுவிடுவாள்.

“தோத்தா இன்னா? வூட்டுக்கு வந்துட வேண்டியதுதான்” என்று மைக்செட்டே பதில் சொல்லிவிடுவார்.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அமைந்தது. ஆடி வெள்ளி. கூழ் வார்க்கும் நாள். காலையிலிருந்து வேப்பமரத்துக் குழாய்களில் பாட்டு அலறியது. நான் அவரிடம் ஓடினேன்.

“ஒரு மணி நேரம் நிறுத்துங்களேன், கையெடுத்துக் கும்பிடுறேன்.”

“பாட்டை நிறுத்திடறேன். ஆம்ப்ளிஃபயரை அணைக்க மாட்டேன் டீச்சர். காப்பு கட்டினா கூழ் ஊத்தி முடிக்கிற வரைக்கும் அணைக்கக் கூடாது. எங்க தொழில்ல அது வழக்கம்.”

பாட்டு நின்றது. கயல் கதவைச் சாத்திக்கொண்டாள். தொலைபேசி மணி அடித்தது. பல நாள் பழக்கம், ஒரு கை ரிசீவரை எடுக்கும்போதே மறு கை மைக் ஸ்விட்சைப் போட்டுவிட்டது.

“குட் ஆஃப்டர்நூன், புரொஃபசர்” என்றது வேப்பமரம்.

கூழுக்குச் சொம்போடு நின்ற வரிசை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. பாட்டை நிறுத்தியவர் குழாய்களை நிறுத்தவில்லை. போர்ட்டிகோவுக்குப் பாய்ந்தேன். அதற்குள் மைக்செட் ஒலியைக் கயலின் அறைக்குள் எட்டாத அளவுக்குக் குறைத்திருந்தார். முழுதாகக் குறைக்கவில்லை. நான் கையை நீட்டியதும் தலையசைத்துத் தடுத்தார். ‘நல்லா பேசுதே’ என்று சைகை செய்தார். அதன்பின் நானும் ஒலிக் குமிழைத் தொடவில்லை. சாத்திய கதவுக்குள் இருந்தவளின் பேச்சைக் கேட்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

பிறகு நடந்ததை நேரில் பார்த்திராவிட்டால் எங்கள் தெருக்காரர்களே நம்பியிருக்க மாட்டார்கள். தாம்பரத்தின் பெரிய தொண்டைக்காரர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றார். ஹாரன் அடிக்கப்போன ஆட்டோக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். குரைக்க எழுந்த நாய்க்கு யாரோ வாங்கிவைத்திருந்த கூழை ஊற்றினார். விமானப்படை விமானம் ஒன்று தாழப் பறந்து வந்தது. அதையும் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார்.

மரத்திலிருந்து கயலின் குரல் கேள்வியைத் திருப்பிச் சொன்னது. “இஃப் இட் ஃபெயில்ஸ்?”

அப்புறம் வெறும் ‘உஸ்’ஸென்ற இரைச்சல். அது நீண்டது. வரிசையில் நின்ற பூக்காரம்மா, “சொல்லு கண்ணு” என்று முணுமுணுத்தாள்.

கயல் சொன்னாள். முதல் வருடம் அவள் கொண்டுவந்த புழுக்கள் அத்தனையும் செத்துப்போயின. ஏன் செத்தன என்று தேடினாள். அந்தத் தேடல்தான் அவள் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம். மறுபடி தோற்றாலும் அங்கிருந்தே தொடங்குவாள். ஒரு வருடம் வீணாகி நின்ற கதையை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. தெருவோடு சேர்ந்துதான் நானும் கேட்டேன்.

“தேங்க் யூ, புரொஃபசர்” என்று மரம் முடித்தது. வரிசை கைதட்டியது. அடுத்த வாரமே வேலைக்கான கடிதம் வந்தது. ஐப்பசி மழை நிற்கும் முன்பே போகவும் போனாள்.

ஆனால் எனக்கு மறக்காதது கைதட்டல் அல்ல. அது ஓய்ந்ததும் மைக்செட் என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

“வேலை கெடச்சிரும் போல கீதே, டீச்சர்.”

“கெடச்சிடும்.”

“கெடச்சா பாப்பா போயிடும்ல?”

கிடைக்காமல் போய்விடுமோ என்று மட்டுமே நான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். இருவரும் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தோம். பாட்டுப் போடச் சொல்லிக் கோவிலிலிருந்து ஆள் வந்தும், அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.