என்ன கறி மிஸ்ஸி

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் யார் வீட்டில் நேற்று என்ன கறி என்று தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் மிஸ்ஸிதான். வாவியின் இரண்டு பக்கத்திலும் கிராம சேவையாளருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். யார் வீட்டில் செவ்வாய்க்கிழமை கணவாய், யார் வீட்டில் மூன்று நாளாக ஒரே பருப்பு, யார் வீட்டில் மருமகள் வந்ததிலிருந்து உப்புக் குறைவு, எல்லாம் தெரியும். இதற்காக அவர் ஒரு வீட்டுப் படியும் ஏறியதில்லை. சனங்கள் தாங்களாகவே வந்து, மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னார்கள்.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரித் தாதிமாரை மிஸ்ஸி என்பார்கள். இவர் சத்திரசிகிச்சைக் கூடத்து மிஸ்ஸி. மயக்க மருந்து டொக்டருக்குப் பக்கத்தில் நின்று, ஆள் மயங்கும் வரைக்கும் கையைப் பிடித்திருப்பார். வேலை முடிந்ததும் மயக்கம் தெளிகிற அறைக்குக் கூடவே வந்து, ஆள் கண் திறந்து ஒழுங்காகக் கதைக்கும் வரை கட்டிலை விட்டு நகரமாட்டார். நான் அதே இடத்தில் ட்ரொலி தள்ளுகிற சிற்றூழியன். வாட்டிலிருந்து நோயாளியைக் கொண்டுவந்து கொடுப்பதும், தெளிந்த பிறகு திரும்ப வாட்டுக்குக் கொண்டுபோவதும் என் வேலை. ஆகவே என் வாழ்க்கையின் பெரும் பகுதி, மிஸ்ஸி எப்போது "கொண்டு போங்க" என்பார் என்று காத்து நிற்பதிலேயே கழிந்தது.

நின்றுதான் காத்தேன். அந்த அறையில் கதிரை கிடையாது. இருந்த ஒன்றையும் மிஸ்ஸி வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்.

"கதிரை இருந்தா இருக்கச் சொல்லும், அண்ணன். இருந்தா நித்திரை வரும். இஞ்ச நித்திரை கொள்றதுக்கு வேற ஆக்கள் இரிக்காங்க" என்றார்.

மற்ற மிஸ்ஸிமார் மயக்கம் தெளிகிறவரிடம் பெயரைக் கேட்பார்கள். ஆள் பெயரைச் சொன்னால் சரி. எங்கள் மிஸ்ஸிக்கு அது போதாது. "பேரைக் கிளியும் சொல்லும்" என்பார். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் போய், "நேத்து வீட்ட என்ன கறி?" என்று கேட்டு ஒரு கடதாசித் துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். தெளிந்த பிறகு அதே கேள்வி. விடை துண்டோடு பொருந்தினால் வாட்டு. பொருந்தாவிட்டால் படுக்கை.

ஒருமுறை எங்கள் டொக்டர் ஒருவருக்கே குடல்வால் எடுக்க வேண்டி வந்தது. கண் விழித்ததும் அவர் எழும்பப் பார்த்தார்.

"எனக்கு நல்லா முழிப்பு வந்திட்டு மிஸ்ஸி. நான் டொக்டர். எனக்குத் தெரியாதா?"

"ஓம் டொக்டர். என்ன கறி?"

"பருப்பு."

மிஸ்ஸி துண்டைப் பார்த்தார். "பருப்பும் முட்டையும் எண்டு சொல்லியிரிக்கீங்க. முட்டை வரும் வரைக்கும் படுங்க."

முட்டை வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை டொக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். சிரிப்பை அடக்குவதற்குச் சுவர் நல்ல துணை.

இன்னொரு முறை ஒரு கோயில் வண்ணக்கர் வந்தார். கோயிலை நிர்வகிக்கிற பெரிய மனிதர். ஊரில் அம்மன் சடங்கு நடக்கிற கிழமை, வீட்டுக்கு வீடு மரக்கறிதான். வண்ணக்கர் வாயில் வேறென்ன வரும்? "பூசணிக்காய்" என்றார். மிஸ்ஸி எழுதிக்கொண்டார். ஒப்பரேசன் முடிந்து கண் திறந்ததும் மிஸ்ஸி குனிந்து கேட்டார்.

"ஐயா, நேத்து என்ன கறி?"

"நண்டு."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார்.

"நண்டு. தங்கச்சி வீட்ட. முருங்கை இலை போட்டு" என்றார் வண்ணக்கர், முகத்தில் அப்படி ஒரு நிம்மதியோடு.

மிஸ்ஸி கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து, பூசணிக்காயை வெட்டிவிட்டு நண்டு என்று எழுதினார். "முதல் சொன்னதுதான் பிழை. ஆள் நல்லா முழிச்சிட்டாரு. கொண்டு போங்க அண்ணன்" என்றார்.

வெளியே வாசலில் வண்ணக்கரின் மனைவி நின்றார். மயக்கத்தில் ஆட்கள் உளறுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"மிஸ்ஸி, என்ர மனுசன் என்னவும் சொன்னாரா?"

"மூச்சு விட்டாரு" என்றார் மிஸ்ஸி. "அது போதும்."

அது எந்த ஊர்க் கோயில் என்று நானும் இன்றுவரை மூச்சு விடவில்லை.

இந்தக் கறி விசாரணையை ஒரு பைத்தியம் என்று நாங்கள் முழுதாகச் சிரித்துத் தள்ள முடியாமல் செய்தவர் காத்தான்குடிப் புடவைக்கடை ஹாஜியார். மயக்கம் கொடுப்பதற்கு முன் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்கத்தில் தின்றது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து. ஹாஜியாரிடம் வாட்டில் கேட்டார்கள், டொக்டர் கேட்டார், நானும் ட்ரொலியில் ஏற்றும்போது கேட்டேன். மூன்று பேருக்கும் ஒரே பதில்: தண்ணீர்கூடத் தொடவில்லை. மிஸ்ஸி அதைக் கேட்கவே இல்லை. போர்வையை இழுத்துவிட்டபடி கதையோடு கதையாக, குழம்புக்கு அவர் ஊர்ச் சொல்லையே எடுத்து, "காலையில பிட்டுக்கு என்ன ஆணம் வச்சாங்க வீட்ட?" என்றார்.

"இறைச்சி ஆணம்தான் மிஸ்ஸி. கொஞ்சம் புளி கூடிப் போச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. எங்களுக்கும் விளங்கியது. ஒப்பரேசன் அடுத்த கிழமைக்குப் போனது. "என்ன சாப்பிட்ட எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே? சாப்பிட்டீங்களா எண்டுதானே கேட்டாங்க" என்று ஹாஜியார் என்னிடம் வழிநெடுக நியாயம் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த கிழமை வந்தபோது மிஸ்ஸி வாய் திறக்கும் முன்பே கையை உயர்த்தினார். "இண்டைக்கு வீட்ட அடுப்பே மூட்டல்ல மிஸ்ஸி. பிள்ளையளுக்கும் கடைச் சாப்பாடுதான்."

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று என் மகளின் பாடசாலையில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. அவள் நானூறு மீற்றர் ஓட இருந்தாள். ஓட்டம் மூன்று மணிக்கு. நான் வர வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். பஸ் ஏறினால் பாடசாலை இருக்கிற குருக்கள்மடத்துக்கு அரை மணித்தியாலம். எல்லாம் கணக்காக இருந்தது. கடைசி நோயாளி பூமணி அக்கா. படுவான்கரையில் வயல் வட்டைக்குள் வேலை செய்கிற பெண். கர்ப்பப்பை எடுக்கிற ஒப்பரேசனுக்காக பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து வந்திருந்தார். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. ஒன்றரைக்கு வெளியே கொண்டுவந்தோம். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன் அவர் கண் திறந்தார்.

"அக்கா, நேத்து என்ன கறி?"

"விரால்" என்றார் பூமணி அக்கா. "விராலும் கீரையும்."

துண்டில் விராலும் கீரையும்தான் இருந்தன. சில்லு வைத்த அந்தக் கட்டிலைத் தள்ளுவதற்கு நான் தலைமாட்டில் போய் நின்றேன். மிஸ்ஸி பூமணி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு போர்வையின் கால்மாட்டைத் தூக்கிப் பாதத்தைத் தொட்டார்.

"கொண்டு போகட்டா?" என்றேன்.

"நில்லுங்க."

ஐந்து நிமிடம் போனது. மிஸ்ஸி மறுபடியும் பாதத்தைத் தொட்டார். பத்து நிமிடம் போனது. வாட்டிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். இளம் டொக்டர் ஒருவர் வந்து மெஷினைப் பார்த்து, "பிரஷர் நல்லாத்தானே இரிக்கு மிஸ்ஸி" என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு பத்து. என் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று தோன்றியது. அவ்வளவு வருடத்தில் முதல் தடவையாக மிஸ்ஸியிடம் குரலை உயர்த்தினேன்.

"கறி சரிதானே மிஸ்ஸி? உங்கட சட்டப்படி சரிதானே? மறுகா என்னத்துக்கு மறிக்கீங்க?"

"கறி சரி" என்றார் மிஸ்ஸி. "கால் சரியில்ல."

கோபத்தில் நான் கட்டிலின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டேன். கட்டில் ஒரு சாண் நகர்ந்தது. மிஸ்ஸி சத்தம் போடவில்லை. செருப்புக் காலைச் சில்லுக்கு முன்னால் வைத்தார். வைத்த காலை எடுக்காமலே இளம் டொக்டரிடம் திரும்பி, "டொக்டர், கால் குளிருது. வரக்குள்ள நாடி எண்பது, இப்ப நூத்திப்பத்து. ரெண்டு தரம் கொட்டாவி விட்டிட்டாங்க. எனக்கு உள்ளுக்க ரத்தம் போறது மாதிரித் தெரியிது. பெரிய டொக்டரைக் கூப்பிடுங்க" என்றார். வழக்கமான அதே குரல். கறி கேட்கிற குரல்.

பெரிய டொக்டர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அவர் வருவதற்குள் மெஷினில் பிரஷர் இறங்கத் தொடங்கிவிட்டது. பூமணி அக்காவின் உதடு வெளுத்திருந்தது. வாட்டுக்குக் கொண்டுபோக நான் பிரேக்கை எடுத்த அதே கட்டிலை, எதிர்ப்பக்கமாகத் திரும்பவும் தியேட்டருக்குள் தள்ளினேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் தள்ளியதில்லை. மிஸ்ஸி பக்கத்தில் ஓடிக்கொண்டே, "அக்கா, நான் இஞ்சதான் இரிக்கன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

உள்ளே கட்டிய இடத்தில் ஒரு நாளம் கசிந்திருந்தது. அதைத் திரும்பக் கட்டினார்கள். இரத்தம் ஏற்றினார்கள். மறுபடி மயக்கம் தெளிந்து, மறுபடி கேள்வி கேட்டு, மறுபடி விராலும் கீரையும் வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. நான் போகவில்லை. போகலாம் என்று சொன்னார்கள்தான். வாட்டுக்குப் போகிற அந்த நீண்ட விறாந்தையில், பாதி வழியில், மிஸ்ஸி இல்லாமல் நானும் அந்தப் பெண்ணும் மட்டும் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் அவரிடம் மெல்லக் கேட்டேன். "அப்ப இந்தக் கறி என்னத்துக்கு மிஸ்ஸி?"

அவர் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். "சும்மா கையப் பிடிச்சுக்கொண்டு நிண்டா ஆக்கள் பயப்படுறாங்க, அண்ணன். கறியக் கேட்டா கதைப்பாங்க. அவங்க கதைக்கக்குள்ள நான் மத்ததெல்லாம் பாப்பன். மூச்சு, நிறம், கை, கால். கறி பிழைச்சா எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்."

பிரேக்கைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். மகளின் ஓட்டம், மூன்று மணி, பஸ், எல்லாவற்றையும். அவர் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். என் மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவையும் காட்டினேன். அதில் முதல் பாதி என் மனைவியின் பெருவிரல். அடுத்த பாதி யாரோ ஒருவரின் குடை.

"இதில பிள்ளையக் காணல்லயே" என்றார் மிஸ்ஸி.

"ரெண்டாவதா வந்தாவாம்."

அவர் அடுத்த போர்வையை எடுத்து மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுப் படலையில் மிஸ்ஸி நின்றார். சாதாரணச் சேலை, நெஞ்சில் மட்டும் வழக்கமாகக் குத்தும் அந்தச் சின்ன மணிக்கூடு. உள்ளே வந்து இருக்கச் சொன்னோம். இருக்கவில்லை.

"பிள்ளை எங்க? ஓடச் சொல்லுங்க. நீங்க பாக்கல்லத்தானே."

மகளுக்கு வெட்கம். "தனியாவா ஓடுற?" என்றாள்.

"தனியா ஓடினாத்தான், மகள், வடிவாப் பாக்கலாம்" என்றார் மிஸ்ஸி.

கடற்கரைக்குப் போனோம். அலை நனைத்து இறுகிப்போன மணலில் ஒரு தோணியிலிருந்து அடுத்த தோணி வரை போய்த் திரும்ப வேண்டும் என்று மிஸ்ஸி தீர்மானித்தார். வலை இழுத்து முடித்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மிஸ்ஸி நெஞ்சு மணிக்கூட்டைக் கையில் எடுத்து, ஓடு என்பதற்கு அடையாளமாகச் சேலைத் தலைப்பை ஆட்டினார். என் மகள் ஓடினாள். அவள் அப்படி ஓடுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. தலை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து, வாய் இறுகி, என் அம்மா கோபத்தில் நடக்கிற மாதிரியே ஓடினாள்.

திரும்பி வந்து மூச்சு வாங்கி நின்றவளின் மணிக்கட்டை மிஸ்ஸி பிடித்துக்கொண்டார். நாடி அடங்கும் வரை விடவில்லை.

"எத்தின செக்கன் மிஸ்ஸி?" என்று மகள் கேட்டாள்.

மிஸ்ஸி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஐயோ மகள், நேரம் பாக்க மறந்திட்டன். உங்களத்தான் பாத்துக்கொண்டு நிண்ட."

பிற்பகல் அவரைப் பஸ் ஏற்றப் பிரதான வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த மாதம் தனக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்திருக்கிறது என்பதை அங்கே வைத்துத்தான் சொன்னார். சும்மா, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். கல்முனைப் பக்கமிருந்து பஸ் வந்தது. நான் கை காட்டவில்லை. அவரும் காட்டவில்லை; பஸ் நிற்காமல் போனது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.